காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

நேத்து பிரதோஷத்துக்குக் கோயில்ல அப்பா தலை சுத்தி உக்காந்துட்டார். பார்த்தா பிரஷர் எகிறிக் கிடக்கு.

இன்னைக்குத் தச்சநல்லூர் எஸ்டிடி பூத்துல இருந்து மதுரை டாக்டரைக் கூப்பிட்டேன். "மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா?"ன்னார்.

அப்பா ரிசீவரைப் பிடுங்கி, "உங்க பேச்சை ஒரு நாளும் மீறினதில்ல சார்"ன்னார்.

"அப்ப மாத்திரையைக் கூட்டிருவோம்."

வெளிய வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். "நேத்து விரதமாச்சே, மாத்திரை போட்டீங்களா?"

"காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுன்னுல்லா சொல்லியிருக்காரு? சாப்பிடாத அன்னைக்கு எப்படிலே போட?"

பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, அமாவாசை, எல்லாத் திங்கக்கிழமையும் இவருக்கு விரதம்.

திரும்பப் பூத்துக்குள்ள ஓடினேன்.

சொன்ன பேச்சு கேக்காதவரைத் திட்டலாம். சொன்னதை அப்படியே கேக்குதவரை என்ன செய்ய? உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் உண்டா?