அக்கா நீந்திய மடு

எங்கள் அன்புக்குரிய அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அழுதுகொண்டு எழுதத்தான் உட்கார்ந்தேன்; கோபம்தான் முன்னே வருகிறது. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

பெல்மதுளைக்கு மேலேயுள்ள றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். சிறுவயதில், தண்ணீர்ப் பீலியில் வரிசை நிற்கப் பிடிக்காமல், ஆறு பாறைகளுக்கிடையில் விழுந்து தேங்கும் மடுவுக்கு ஓடிவிடுவார். உச்சி வெயிலிலும் பல் கிட்டிக்கும் குளிர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும். "பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" என்று அப்பா பிரம்பெடுத்தார். அக்கா அக்கரைக்கு நீந்திப்போய், "இங்க வந்து அடிங்கப்பா" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கணவரை இழந்தபின், றப்பர் பால் வெட்டியே இரு மகள்களைப் படிக்க வைத்தார். வேலை முடிந்தால் மூவரும் மடுவில்தான். "தண்ணியில கெடந்தா ஒடம்பு வலியே தெரியல தங்கச்சி" என்பார்.

பிறகு யாரோ மடுவைப் படம்பிடித்து முகநூலில் போட்டார்கள். ஞாயிறுதோறும் கொழும்பு வேன்கள் வந்தன. அதே காலத்தில் வெளியூர் முதலாளி ஒருவர் பெக்கோ இயந்திரத்தை இறக்கி, மாணிக்கம் தேடி மடுவின் ஓரத்தையே தோண்டினார். நீர் கலங்கியது, குழி எங்கே என்று தெரியவில்லை. அக்கா அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சிங்களத்தில் முறையிட்டார். "ஹரி, பலமு" என்றார்கள். சரி, பார்ப்போம் என்று. யாரும் வந்து பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு, கொழும்பு வேனில் குளிக்க வந்த இளம்பெண் ஒருத்தி குழிக்குள் போய்விட்டாள். உடன் வந்தவர்கள் கரையில் நின்று கத்தினார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா பாய்ந்தார். அவளைப் பாறைமேல் தள்ளிவிட்டார். தான் ஏறுமுன் வெட்டிய மண் சரிந்து அக்காமேல் விழுந்தது.

அக்காவை வெளியே எடுக்கும்வரைகூட அந்த வேன் நிற்கவில்லை. "இவ ஏன் குதிச்சா?" என்று கேட்டவர்களை நான் மறக்க மாட்டேன். முதலாளி மாலையோடு வந்தார். "எடுத்துட்டுப் போங்க" என்றாள் மூத்த மகள். பிறகு குளிக்கத் தடை என்று பலகை நட்டார்கள். சிங்களத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இல்லை.

கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அக்காவை எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அக்காவைக் கொண்டுபோகக் கேட்காமலே வேன் அனுப்பிய டவுன் கடைக்கார முஸ்லிம் நானாவுக்கும், கல் சுமந்து அந்தக் குழியைத் தாங்களே மூடிய லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். "இனிமே தண்ணிப் பக்கம் போகாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள். சொல்லாதீர்கள். அக்காவைத் தண்ணீர் கொல்லவில்லை. கொன்றது யார் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள் பிள்ளைகளிடம்.