பூட்டக்கா பூட்டாமல் விட்டது

ஒரே அறையில் ஒன்பது பேர் வளர்ந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று எங்கே ஒளிந்துகொள்ளும்? பூட்டக்கா பிறந்த வீடு அப்படி. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்றவர், கல்யாணம் ஆகாத சித்தப்பா, பெண்கள் ஐந்து பேர். உடை மாற்ற வேண்டியவள் "திரும்புங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். மற்ற எட்டுப் பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். அந்த வீட்டுக்குக் கதவும் திரையும் அந்த ஒரு சொல்தான். சித்தப்பா ஒருமுறை, ஒருத்தி மாற்றி முடிக்கும் முன்பே சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிவிட்டார். அம்மா கரண்டிக் காம்பால் கொடுத்த அடியின் தழும்போடுதான் அவர் பாடையில் ஏறினார்.

ஐந்து பெண்களில் மூத்தவள் பூட்டக்கா. டைப் கற்றுக்கொண்டவளும் அவள் ஒருத்திதான். லாரி பட்டறையில் வேலை பார்த்தவனுக்குக் கழுத்தை நீட்டினாள். பிள்ளை இல்லை. ஒரு காலையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு பெட்டியோடு மூன்றாவது தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. சோறு அங்கே, வேலை இங்கே. போக்கிடம் வேறு கிடையாது.

கடையில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தட்டலாம், எல்லாம் திறந்த மடம். மனு எழுத வந்தவர் திருத்தத்துக்குத் திரும்பி வருவார் என்பதால் எதையும் அழிப்பதில்லை. எழுதினதெல்லாம் திரையின் முகப்பிலேயே கிடக்கும். மாப்பிள்ளை அவற்றுக்கு வைக்கும் பெயர்களைப் படித்தாலே சிரிப்பு வரும். 'குண்டு வக்கீல் உயில்', 'மூக்குக்கண்ணாடி விவாகரத்து', 'மாடிவீட்டு மருமகள் புகார்'. அந்த மாடிவீட்டு மாமியாரே ஒருநாள் கடைக்கு வந்து அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நல்லவேளையாக அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அன்றைக்குத்தான் பூட்டக்கா கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவனைப் பிடித்து, மூலையில் இருந்த மூன்றாவது கம்ப்யூட்டரில் தனக்கென்று தனி இடமும் பாஸ்வேர்டும் போடச் சொன்னாள். பெண்கள் கொண்டுவரும் மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட் காகிதம் எல்லாம் அதற்குள் போகும்.

"மூணு தடவை தப்பாப் போட்டா கால்மணி நேரத்துக்குத் திறக்காதுங்க. பரவால்லையா?" என்று கேட்டான் அவன்.

"இன்னும் நல்லதாப் போச்சு, போடுப்பா."

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம கடை என்ன கஜானாவாக்கா? நீங்க இல்லாத நேரத்துல கஸ்டமர் வந்து நின்னா நான் என்ன, பூட்டை உடைக்கிறதா?"

"அஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க மாப்பிள்ளை. வந்துடுவேன்."

"பூட்டக்கா! உங்களுக்கு இதான் பேரு இனிமே." அவர் வைத்த பெயர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை ரேஷன் அட்டைதான் ஞாபகம் வைத்திருந்தது.

யாராவது தாங்களே உட்கார்ந்து எதையாவது அடித்தால், பூட்டக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். பிறந்த வீட்டுப் பழக்கம்.

தையல்காரி அப்படித்தான் அவளிடம் ஒட்டினாள். இரண்டு தெரு தள்ளி வீடு, எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் வேன் ஓட்டுகிறவன். வெளியில் தேனொழுகப் பேசுவான். வீட்டுக்குள் அவன் கை பேசும். இரண்டு முறை போலீசுக்கு மனு எழுதிக் கொடுத்தது பூட்டக்காதான். இரண்டு முறையும் அவன் அவள் காலில் விழுந்து அழுதான், அவள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூன்றாவது முறை அவன் குழந்தையின் மேல் கைவைத்தான். தையல்காரி மனு எழுதவில்லை. தையல் மெஷினையும் மகளையும் தூக்கிக்கொண்டு ஊரின் இன்னொரு கோடிக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

பழைய பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். புதுப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கை ஃபாரம் கையில் இருந்தது. குழந்தையின் போட்டோ, அப்பா பெயர், புது வீட்டு விலாசம், எல்லாம் பேனாவால் நிரப்பியிருந்தாள். போன் நம்பருக்கான கட்டம் மட்டும் காலி. அதை மெயிலில் அனுப்ப வேண்டும், கூடவே ஒரு கடிதமும்.

"நம்பரைக் கடிதத்துல மட்டும் போடுங்கக்கா. அந்தாளு இந்தப் பக்கம்தான் வண்டி ஓட்டுறாரு. யார் கண்ணுலயும் படக்கூடாது."

"என் பூட்டுக்குள்ள போயிட்டா, செத்துப்போன என் வீட்டுக்காரரே எழுந்து வந்து கேட்டாலும் திறக்காதுடி."

தையல்காரி வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

கடிதம் மூலைக் கம்ப்யூட்டரில் தயாரானது. ஸ்கேனர் முதல் கம்ப்யூட்டரோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. அதில் எதை ஸ்கேன் எடுத்தாலும் முகப்பில் இருக்கும் 'ஸ்கேன்' என்ற ஃபோல்டரில் போய் விழும், பெயருக்குப் பதில் ஒரு நம்பரோடு. பூட்டக்கா ஃபாரத்தை ஸ்கேன் எடுத்தாள், பென்டிரைவில் ஏற்றி மூலைக்குக் கொண்டுபோனாள், மெயிலை அனுப்பினாள், பூட்டினாள்.

முதல் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்து, அங்கே கிடந்த படத்தை அழிக்க விரலை வைத்தாள். வழக்கமாக உடனே அழித்துவிடுவாள். ஆனால் போன வாரம்தான் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் மூலப்பத்திரத்தைத் தொலைத்துவிட்டு ஓடிவந்து, அவள் அழித்த ஸ்கேனைக் கேட்டுக் கடையை இரண்டாக்கிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஸ்கேன் ஃபோல்டர்ல இனிமே கை வைக்காதீங்கக்கா. எதுவா இருந்தாலும் ஒரு வாரம் கிடக்கட்டும். கடை என்னுதா உங்களுதா?"

உண்கிற சோறு ஞாபகத்துக்கு வந்தது. வெறும் நம்பர்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று விரலை எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். அவள் சாப்பிடப் போயிருந்தாள். முதுகு வலித்ததால் சாப்பிட்ட கையோடு சற்றுத் தரையில் படுத்துவிட்டும் வந்தாள். இரண்டு மணிக்குக் கடைக்குள் நுழையும்போது மாப்பிள்ளை நல்ல குஷியில் இருந்தார்.

"உங்க தையல்காரி வீட்டுக்காரரு வந்திருந்தாருக்கா. லைசென்ஸ் ஸ்கேன் எடுக்க."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். "எடுத்துட்டுப் போயிட்டாரா?"

"ஃபோல்டரைத் திறந்தேனா, வரிசையா குட்டிக் குட்டிப் படமா வருமே, அதுல பொண்ணு போட்டோவைப் பாத்துட்டாரு. 'அண்ணே, இது என் பொண்ணு'ன்னாரு. பெருசாக்கிப் பாத்தா, ஆமா, மூக்கு அப்படியே அவரை உரிச்சு வெச்சிருக்கு! 'ஸ்கூல்ல நான்தான் கொடுக்கணும், ஒரு காப்பி போடுங்க'ன்னாரு. மனுஷனுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. போட்டுக் கொடுத்தேன். பிள்ளைப் பாசம் பாருங்க, காசுகூட நான் வாங்கலை."

பூட்டக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்ப?"

"அது ஆச்சு ஒரு மணி நேரம். ஏன்க்கா, மூஞ்சி இப்படிப் போகுது?"

அவள் மூலைக்கு ஓடினாள். தையல்காரியின் நம்பர் பூட்டுக்குள் இருக்கும் அந்தக் கடிதத்தில் மட்டும்தான். பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு. நாற்காலியில் உட்காரக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. மறுபடி அடித்தாள். தப்பு. மூன்றாவதாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள், நடுவில் ஒரு விரல் இரண்டு கட்டையில் விழுந்தது. கால்மணி நேரம் கழித்து முயலவும் என்று திரை சொன்னது.

"திற," என்றாள் அதனிடம். "ஐயோ, திறடா."

"என்னக்கா ஆச்சு? சொன்னாத்தானே தெரியும்!"

"அவன் கையிலதான் மாப்பிள்ளை அவ விலாசத்தைக் கொடுத்திருக்கீங்க. அவன் அடிக்குப் பயந்துதான் அவ ஓடிப்போனதே!"

மாப்பிள்ளைக்கு இதொன்றும் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே பூட்டியே வைத்திருந்தாள்.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஃபாரத்தின் தலைப்பிலேயே பள்ளிக்கூடத்து நம்பர் அச்சாகியிருக்கிறது என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பூட்டாத ஃபோல்டரில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் அது கிடந்தது. எழுந்து ஓடி, அந்த நம்பரைப் பார்த்துப் போன் அடித்தாள். நான்கு முறை மணி அடித்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

"அந்தப் பொண்ணா? அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னாரு. எங்க ஃபாரம் காப்பியே கையில வெச்சிருந்தாரு, அப்பா பேரும் சரியா இருந்துது, அப்புறம் நாங்க எப்படிம்மா நம்பாம இருக்கிறது? இப்பதான், பத்து நிமிஷம்கூட இருக்காது."

பூட்டக்கா போனை வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அவர்கள் வைத்தபின்னும் காதிலேயே வைத்திருந்தாள். மூலைக் கம்ப்யூட்டரில் கால்மணி நேரம் இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலையில் தையல்காரி வந்தாள். தலை வாரவில்லை. முக்காடும் போடவில்லை. இனி யாருக்குத் தெரிந்தால் என்ன?

"ஸ்டேஷன்ல புகாரை டைப் பண்ணிக் கொண்டுவரச் சொன்னாங்கக்கா. விலாசம் அவருக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு எழுதணுமாம். நீயே அவர்கிட்ட விலாசத்தைச் சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசுறியான்னு கேக்குறாங்க. ரெண்டு தடவை மனுவைத் திரும்ப வாங்கினவதானே நான்." பிறகு அவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்: "எப்படிக்கா கிடைச்சுது?"

பூட்டக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. தையல்காரி திட்டவில்லை, அழவும் இல்லை. "எழுதுங்க," என்று மட்டும் சொன்னாள்.

பூட்டக்கா எழுத ஆரம்பித்ததும் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அக்கா, தெரியாம நடந்துபோச்சு. அதுக்காகக் கடைப் பேரை எழுதணுமா? எங்கேயோ கிடைச்சுதுன்னு போட்டுடுங்க. நாளைக்குப் போலீசு வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போனா நாம எல்லாரும் என்ன பண்றது?"

சத்தம் கேட்டுத் தங்கை உள்ளேயிருந்து வந்தாள். "உனக்கு யாருடி கூடப்பிறந்தவ, நானா அவளா? உன்னை நடுத்தெருவுல விட்டுடாம சோறு போட்டவருக்கு நீ காட்டுற விசுவாசம் இதுதானா?"

பூட்டக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊராருடைய எத்தனையோ விஷயங்களை அவள் வாய் திறக்காமல் வைத்திருந்தாள். தங்கைக்கே கல்யாணத்துக்கு முன்னால் வந்த கடிதம் ஒன்றை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் அடித்தாள்: 'மேற்படி படிவத்தை இந்தக் கடையில் ஸ்கேன் செய்தவளும் அழிக்காமல் விட்டவளும் நான். அதன் நகல் இந்தக் கடையிலேயே அவருக்கு அச்சடித்துக் கொடுக்கப்பட்டது.' கீழே சாட்சியாகத் தன் முழுப்பெயரை அடித்தாள். அந்தப் பெயர் தையல்காரிக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்ப நாளையிலேருந்து வர வேண்டாம்," என்றார் மாப்பிள்ளை. தங்கை உள்ளே போய் அவளுடைய பெட்டியை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். வைக்கும்போது அழுதாள். ஆனாலும் வைத்தாள்.

கடை ஒரு மாதம் மூடிக் கிடந்தது. பிறகு மூன்று கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தார்களாம்.

குழந்தை பதினோரு வாரம் கழித்துக் கிடைத்தாள். ஏதோ ஒரு தூரத்து ஊரில் அவனுடைய அக்கா வீட்டில், தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டு வைத்திருந்தார்கள். விலாசம் இருந்த காகிதம்தான் அவன் குற்றத்துக்கும் சாட்சியாயிற்று. ஆனாலும் அவன் மூன்றே மாதத்தில் வெளியில் வந்துவிட்டான். குழந்தை பேச்சைக் குறைத்துக்கொண்டாள். யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூட்டக்கா இப்போது கோர்ட் வாசலில் ஒரு மடக்கு மேஜை போட்டுப் பேனாவால் மனு எழுதுகிறாள். இரவில் படுக்க ஒரு லாட்ஜ் சமையலறைக்குப் பின்னால் பெண்கள் நான்கு பேரோடு ஒரு அறை. ஒருநாள் அவள் மேஜைக்கு முன்னால் தையல்காரி வந்து நின்றாள், குழந்தையும் கூடவே. இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு ஃபாரம். போட்டோ ஒட்டுகிற இடத்தில் பழைய போட்டோதான். புதிதாக எடுக்கக் குழந்தை விடவில்லையாம்.

பூட்டக்கா பெயரை எழுதினாள், பிறந்த தேதியை எழுதினாள். விலாசம் என்ற கட்டம் வந்ததும் தையல்காரி கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.

"அதை நான் எழுதிக்கிறேன்க்கா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க என்னடி இருக்கு?"

பேனாவைக் கொடுத்துவிட்டு, பூட்டக்கா நாற்காலியைக் கோர்ட்டின் மதில்சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது. காகிதம் மடிபடும் சத்தம் கேட்டது. "வரேன்க்கா" என்ற சத்தம் கேட்டது. எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்பதுகூடத் தெரியக்கூடாது என்று, இன்னும் வெகுநேரம் அவள் திரும்பாமலேயே உட்கார்ந்திருந்தாள்.