தட்டைத் தொடாத நாய்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கேட்டில் கூட்டமே இருக்காது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். உப்பைக் கொடுக்க மாட்டார்கள், ஊசியைக் கொடுக்க மாட்டார்கள், அந்தக் கணக்கில் நாயையும் கொடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததோ இல்லையோ, ஆட்டோவிலும் பைக்கிலும் வந்து வரிசை கட்டி நிற்பார்கள். மகாலட்சுமி பத்திரமாக வீட்டில் தங்கிவிட்டாள், இனி நாய் போகலாம் என்று அர்த்தம். அந்த சனிக்கிழமைகளில் எனக்கு வரும் கோபம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு அண்டா சோறு பொங்கியிருக்கலாம்.

நகராட்சி நாய்க் காப்பகத்தில் நான் வரவுப் பகுதியில் இருந்தேன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு மேஜை, கொஞ்சம் கயிறு, நான். அதற்கு முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலி வந்து வேலையை விட்டபோது காப்பகத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என் வாய்க்கு நாய்கள்தான் ஈடுகொடுக்கும் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

இப்போது காப்பகம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. டைல்ஸ் போட்ட கூண்டு, ஓடுகிற தண்ணீர், கேமரா எல்லாம் இருக்கிறதாம். நல்லதுதான். என் முழங்கால் ஒத்துழைக்காததால் நான் அங்கே போகவில்லை. சத்துவாச்சாரியில் மகன் வீட்டு மாடியில் காபி வாசனையோடு கண் விழிக்கிறேன், ஆனால் மனசு பழைய இடத்தைத்தான் தேடுகிறது. பினாயில் வாசனை, நனைந்த நாயின் வாசனை, பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரி வாசனை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த மூன்றும் சேர்ந்தால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

எங்களிடம் வரும் நாய்களில் இரண்டு வகை. தெரு நாய்களை வண்டியில் பிடித்து வருவார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், வெறிநாய்த் தடுப்பூசி, அடையாளத்துக்குக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. காயம் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும், அதுதான் சட்டம். அந்த வண்டியில் கூடப் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதவைத் திறந்ததும் குதித்து ஓடி, நேராகத் தன் டீக்கடை வாசலில் போய் நிற்கும். கடைக்காரர் ஒரு பொறையைத் தூக்கிப் போட்டு, எங்கடா போய்ட்ட இத்தனை நாளா என்று விசாரிப்பார். பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன், டிரைவர் ஹாரன் அடிப்பார்.

இரண்டாவது வகை, வீட்டு நாய்கள். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள், ரோட்டில் கிடந்ததாம். ரோட்டில் கிடந்த நாய் அவர்கள் காலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ரோட்டில் கிடந்ததற்குப் பவுடர் போட்டது யார் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் நகராட்சியில் போய் என்மேல் புகார் கொடுப்பார்கள். எது செய்தாலும் நாயை நான் உள்ளே எடுத்துக்கொள்வேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை தத்துக் கொடுப்போம். பெண் பார்க்க வந்த மாதிரி குடும்பம் குடும்பமாக வருவார்கள். குட்டியாக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் இன்னும் விசேஷம். கொடுத்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டியது என் வேலை. மாதனூர் வரைக்கும் பஸ் பிடித்துப் போவேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களோடு எங்கள் நாயும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால், சொந்தப் பெண் வாக்கப்பட்ட வீட்டைப் பார்த்த நிம்மதி வரும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நாங்கள் ஊசி என்று மட்டும்தான் சொல்வோம். பிழைக்கவே வழியில்லாமல் வலியில் துடிக்கிறவைக்கு மட்டும். எங்கள் காப்பகத்து மாட்டு டாக்டரம்மா தனியாக அதை முடிவு செய்ய முடியாது. நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வருவார், எங்களில் ஒருவர் நிற்போம், மூன்று பேரும் ஒப்புக்கொண்டால்தான். டாக்டரம்மாவுக்கு நாள் கிழமையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. போட்ட நாளில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை கூட்டத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார். ஆற்றங்கரையில் மூடிப்போன ஒரு டேனரியின் வாட்ச்மேன். இடத்தை மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அவர் தங்கியிருந்த கேட் ரூமையும் இடிக்கப்போகிறார்கள். சோளிங்கரில் மகள் வீட்டுக்குப் போகிறார். ஒற்றை அறை, வாடகை வீடு, நாய் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். கையில் ஒரு பை, பக்கத்தில் செம்மண் நிறத்தில் வயசான பெரிய நாய்.

"என் நாய் இல்லம்மா. கம்பெனி நாய்" என்றார்.

கயிறு கட்டாமலே அது அவர் காலோடு ஒட்டி வந்திருந்தது. இரு என்றார், உட்கார்ந்துகொண்டது. திரும்பிப் பார்க்காமல் போனார். நாய் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்து நின்ற ஆள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாப்பாடு வைத்தோம், தொடவில்லை. புதிதாக வரும் வீட்டு நாய் எல்லாமே கொஞ்ச நாள் அடம் பிடிக்கும், பிறகு வழிக்கு வரும். இது வரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. கோழி ஈரல் வைத்தேன், முட்டை வைத்தேன், என் டப்பாவிலிருந்த மீன் துண்டையே வைத்தேன். தட்டைப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். வயசுக்கு உரிய கோளாறுகள்தான், சாப்பாட்டை வெறுக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. டிரிப்ஸ் ஏற்றினோம். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பிறகு பின்னங்கால் தள்ளாடியது. ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வார சனிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார் என்று முடிவானது. அவர் எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வீட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து உட்கார்ந்திருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னைக் கூண்டுப் பக்கம் கூப்பிட்டார். தட்டு வைத்ததும் நாயின் வாயோரத்தில் எச்சில் ஒழுகுவதைக் காட்டினார். "பசி இருக்குக்கா. எதுவோ தடுக்குது. கொண்டுவந்து விட்டவரையே கேட்டுப் பாருங்க" என்றார்.

வரவு நோட்டில் எழுதி வைத்திருந்த பெரியவரின் நம்பருக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டித் தீர்த்தேன். உங்களை நம்பி வளர்ந்த ஜீவன் பட்டினி கிடந்து சாகிறது, நீங்கள் மகள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.  நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

டேனரியில் உப்புப் போட்ட தோல் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதில் ஒட்டியிருக்கும் ஜவ்வுக்கு நாய்கள் அலையும். ஒரு நாய் ருசி கண்டு தோலைக் கடித்து இழுத்தால் தோல் கிழிந்துபோகும், அந்த நாயை அடித்துத் துரத்திவிடுவார்கள். ஆகையால் காவலுக்கு வைக்கும் குட்டியை ஆரம்பத்திலேயே பழக்கிவிட வேண்டும். தரையில் கிடப்பதைத் தொடக் கூடாது, தட்டில் இருப்பதைத் தொடக் கூடாது. வாட்ச்மேன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கடைசியில் ஒரு உருண்டை பிடித்துக் கையில் நீட்டினால்தான் வாங்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் கூடாது. விஷம் வைக்க வருகிற திருடன்கூட ஏமாந்து போவானாம். அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பசி வந்தா மறந்துடும்னு நெனச்சேம்மா" என்றார்.

 சனிக்கிழமைக்குள் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாளே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார், கையில் டிபன் டப்பாவோடு. கூண்டைத் திறந்து உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாயால் எழுந்திருக்க முடியவில்லை, வால் மட்டும் தரையைத் தட்டியது. அவர் அவசரப்படவில்லை. ரசஞ்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். ஒரு உருண்டை பிடித்து நீட்டினார். நாய் வாங்கியது. இன்னொன்று, இன்னொன்று. ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்து நின்றார். கூட்டுகிறவர் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன், வெட்கமாவது மண்ணாவது. சனிக்கிழமை அதிகாரி வந்தபோது அது எழுந்து நின்று அவரைப் பார்த்துக் குரைத்தது. அவர் சந்தோஷமாக டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் சோளிங்கரிலிருந்து தினம் தினம் ஒரு மனுஷன் வர முடியுமா? வேறொரு கையில் வாங்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் அதே கதைதான் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் கை என் கை என்று முடிவானது. பெரியவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார், வராத நாளில் நாய்க்குத் தண்ணீர்தான். வருகிற நாட்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மெதுவா சாப்டுங்க, வாரி வாரிப் போட்டுக்கினா அதுக்கு நம்பிக்க வராது என்று எனக்குப் பாடம் வேறு. முதலில் என் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டு நீட்டினார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாய் உருண்டையைப் பார்க்கும், அவரைத் தேடும், அவர் இருக்கிற திசையைக் கண்டுபிடித்த பிறகுதான் வாங்கும். கெட்டிக்கார நாய்தான், என் பிராணனை வாங்கியது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. மதியம் தகரக் கூரையின் கீழே நாங்கள் மூவரும். அவர் சோளிங்கர் மலையில் குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிய கதை சொல்வார், நான் ஷூ கம்பெனி சூப்பர்வைசரை வம்புக்கு இழுத்த கதை சொல்வேன். வேலூர் வெயிலில் தகரம் படபடவென்று வெடிக்கும். அந்த நாயை யாரும் தத்து எடுக்கவில்லை, கிழட்டு நாயை யார் எடுப்பார்கள்? கடைசிவரை என் மேஜைக்குக் கீழேதான் இருந்தது. இப்போதும் உட்கார்ந்தால் கால் தானாக ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் அவரால் வர முடியவில்லை. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், கை கழுவினேன், உருண்டையை நீட்டினேன். நாய் கேட்டைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. என் கை வலிக்க ஆரம்பித்தபோது மூக்கு ஈரமாக வந்து உள்ளங்கையில் இடித்தது. நான் போட்ட கூச்சலில் எல்லாக் கூண்டும் குரைத்தது. உடனே அவருக்குப் போன் செய்து சொன்னேன். எத்தனை உருண்டை வாங்கியது என்று கேட்டார். அப்புறம், "அப்டியா, ஜாஸ்தி சந்தோஷம்மா" என்றார்.

மழை விட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து நின்றார். நாய் குதித்து, முனகி, அவரைச் சுற்றிச் சுற்றி வந்து மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவர் டப்பாவைத் திறந்தார். அன்றைக்கு மட்டும் ஆட்டுக்கறிக் குழம்பு. மகள் நாய்க்கென்றே கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். பெரிய உருண்டையாகப் பிடித்து நீட்டினார்.

நாய் அதை முகர்ந்தது. வாயோரம் எச்சில் வந்தது. திரும்பி என்னைப் பார்த்தது.

வாங்கிக்கோ என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் வேண்டாம் என்று இடது கையைக் காட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. நாய் அந்தக் கையைப் பார்த்தது, மறுபடியும் என்னைப் பார்த்தது, வாங்கவில்லை.

அவர் அந்த உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். நன்றாக மென்று விழுங்கினார். குழாயடியில் டப்பாவைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாயின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"இனிமே பொழச்சிக்கும்மா" என்றார்.

சோளிங்கர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.