லிசியாத்தேயின் மரக்கழுத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நான் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அக்கா போனில் காத்திருப்பதாகச் சொன்னார். லவீனியா அக்கா அழவில்லை. "ரொட்டி வாங்கிட்டு வந்தேன்டா. அத்தான் வீட்டுப் பட்டறையில நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கார். கூப்பிட்டா திரும்பல" என்றாள். பிறகு, "மூக்குக்கண்ணாடிய மட்டும் கழட்டி வெச்சேன்" என்றாள்.

அவர் பெயர் லிசியாத்தே மொவாலா. வயது அறுபத்து மூன்று. இறப்பு அறிவிப்பில் 'படகுத் தொழிலாளர், ஓய்வு' என்று போட்டிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆக்லாந்தின் மாங்கெரேப் பகுதியில் எங்கள் டோங்காத் தீவு ஜனங்கள் யாரும் அவரைப் படகுக்காரர் என்று சொன்னதில்லை. பேஸ் கிதார் செய்கிறவர் என்றுதான் சொன்னார்கள். அவர் எப்படிச் செய்தார், நடுவில் எதைக் கைவிட்டார் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆக்லாந்து துறைமுகத்துப் பக்கம் ஒரு பாய்மரப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். பந்தயப் படகுகளுக்குப் பாய்மரம் என்று பெயர்தான், மரமே கிடையாது. கார்பன் ஃபைபர் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் பசையில் ஊறவைத்து, சூட்டில் இறுக்கிச் செய்வது. மிச்சம் விழுகிற துணியை எடுத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். அத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பேஸ் கிதாரின் கழுத்தாக்கினார், தந்திகள் ஓடுகிற அந்த நீண்ட பாகம். பழைய இரும்பு பீரோ ஒன்றைப் படுக்கவைத்து, உள்ளே விளக்குகளை மாட்டி, அதை அடுப்பாக்கினார். அச்சு ஒன்றே ஒன்று. நாற்பத்தொரு கழுத்து அதிலிருந்து வந்தது.

அந்தக் கழுத்துகள் அசையாது. அதுதான் அவற்றின் பெருமை. மரக்கழுத்து ஈரத்திலும் வெயிலிலும் வளையும், நிமிரும்; சுருதி ஓடிவிடும். இவருடையதை டோங்காவுக்குக் கொண்டுபோய் உப்புக்காற்றில் வைத்தாலும் அப்படியே இருக்கும். மாகா என்று ஒருவர், கல்யாணங்களில் வாசிக்கிறவர், அத்தானுடைய முதல் வாடிக்கைக்காரர். டோங்காவின் வவாவு தீவில் ஒரு கல்யாணத்தன்று பேஸை லாரியின் மேல் வெயிலில் மறந்து வைத்துவிட்டதாகவும், எடுத்துப் பார்த்தால் ஒரு தந்தியும் சுருதி இறங்கவில்லை என்றும் சொல்வார். காவா என்கிற வேர்ப்பானம் குடிக்க உட்காரும் இடத்திலெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வெயில் ஒரு மணி நேரம் கூடும்.

அத்தானுக்கு ஐம்பத்தொரு வயதானபோது கைவிரல்கள் வெடிக்க ஆரம்பித்தன. பிறகு முகம் வீங்கியது. ஒரு காலையில் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. இத்தனை வருடமும் சும்மா இருந்த உடம்பு இப்போது ரெசினை விஷமாக எடுத்துக்கொள்கிறது, இனி அது குறையாது, ஒரு சொட்டுப் பட்டாலும் அடுத்த தடவை தொண்டை அடைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை அவரைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றியது. அதை அவர் பொறுத்துக்கொண்டார். பேஸ் செய்ய முடியாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று ஜோடி கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு அக்காவுக்குத் தெரியாமல் நான்கு மாதம் தொடர்ந்தார். வீக்கம் கழுத்து வரைக்கும் இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா ரெசின் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க கொண்டுபோற?" என்றார் அத்தான்.

"நகராட்சிக்காரன் விஷச் சாமான் வாங்குற இடத்துக்கு. இடம் இருந்தா உங்களையும் ஏத்திருவேன்."

"லவி, அது நல்ல சரக்கு. அம்பத்தஞ்சு வருஷம் கெடாது."

"நீங்க அம்பத்தஞ்சு நாள் தாங்க மாட்டீங்க, மனுஷா. தள்ளுங்க."

அவர் தள்ளினார். கார் போன பிறகு என்னிடம், "நான் இனி யாருடா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்த ஒரு வேலையை அவர் தன்னுடையது என்று வைத்திருந்தார். அது போனால் பிறகு தான் பேஸ் செய்கிறவர்தானா என்பது அவருக்கு உயிர் போகிற கேள்வியாக இருந்தது.

மரத்தில் செய்யலாமே என்று நான்தான் சொன்னேன். மூன்று வாரம் போனது. பிறகு ஒரு நாள் தாவா மரப் பலகையும், உள்ளே ஓட்டுவதற்கு இரும்புக் கம்பியும் வாங்கி வந்தார். மரக்கழுத்துக்குள் அந்தக் கம்பி இருக்கும். கழுத்து வளைந்தால் நுனியில் சாவி போட்டுக் கால் சுற்று திருப்பி நிமிர்த்திக்கொள்ளலாம். நாற்பத்தொரு கழுத்தில் அவர் அந்தக் கம்பியைப் போட்டதே இல்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, ஊன்றுகோல் வாங்கி வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

மாகா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "என்ன லிசியாத்தே, நாற்காலி செய்யப் போறியாமே?"

"உனக்கு ஒண்ணு செய்யவா? உட்கார்ற இடம் பெருசு, நிறைய மரம் வேணும்."

"மரத்துல வீடு கட்டு, சவப்பெட்டி செய். பேஸ் செய்யாத. நான் சாகுற வரைக்கும் என் கருப்புக் கழுத்து போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அத்தானுக்குத் தைத்தது.

முதல் மரக்கழுத்து எங்கள் தேவாலய சபையின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு. புது பேஸ் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். ரெசின் கலந்துவிட்டால் நாற்பது நிமிடம்தான். அது இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். அவர் கை முழுக்க அந்தப் பழக்கம். எடுத்த வேலையை நடுவில் வைத்துவிட்டுப் போகத் தெரியாது. புதன்கிழமை பலகையில் கோடு போட்டவர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தந்தி மாட்டிவிட்டார். எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தோம். மயிரிழை பிசகில்லை. அளவில் அவரை யாராலும் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் வாசித்தேன். நானூறு பேர், எல்லா வாயும் திறந்திருந்தது, ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் தடித்த தந்தி 'ஸ்ர்ர்' என்றது. மூன்றாவதில் எல்லாத் தந்தியும் கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் உரசி, பேஸ் முழுக்க வண்டு புகுந்த மாதிரி சத்தம். கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. பாடகர் குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மிச்சப் பாட்டுகளை பேஸ் இல்லாமலே பாடி முடித்தார்கள்.

மதியச் சாப்பாட்டில் பேஸை நடுவில் சாய்த்துவைத்து ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்த ஆட்டிறைச்சியைப் பிரித்துக்கொண்டே ஒருவர், "அந்தச் சாவியக் கொஞ்சம் திருப்பேன். சாயங்கால ஆராதனைக்கு ஆயிடும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது" என்றார் அத்தான்.

"சாவி திருப்புறது ஒரு வேலையா? கார்ல வந்தப்ப திருப்பலையா?"

"கார் என் தொழில் இல்ல. இது என் தொழில்."

"போதகரைக் கேளு."

போதகர் வாயில் கிழங்கு இருந்தது. விழுங்கிவிட்டு, "லிசியாத்தே, சமையல்காரங்களும்தான் இன்னைக்கு அடுப்பு மூட்டியிருக்காங்க. நான் பார்க்காத நேரத்துல திருப்பிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் திருப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவியைத் தொட்டதில்லை, அன்றைக்கும் தொடவில்லை. ஆனால் பார்ப்பது வேலை ஆகாது என்று வைத்துக்கொண்டார். அளவுகோலைக் கழுத்தின்மேல் படுக்கவைத்து, அன்றைய வழிபாட்டுத் தாளைக் கிழித்து, ஓரத்து இடைவெளியில் எத்தனை துண்டு நுழைகிறது என்று பார்த்தார். இரண்டு. சாயங்காலம் ஆராதனை முடிந்து வந்து பார்த்தார். நான்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தபோதும் நான்கு.

திங்கள் காலை சாவி கையில் இருந்தது. போடவில்லை. "எவ்வளவு தூரம்தான் போறான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டார். அன்று நான்கு. செவ்வாய் மூன்று. வெள்ளிக்கிழமை ஒன்று. யாரும் தொடாமலே கழுத்து முக்கால் வழி திரும்பி வந்திருந்தது.

அன்றைக்கு என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினார். நான் அவருக்குக் கணக்கு வாத்தியார்; சந்தேகம் வந்தால் சாட்சிக்கு நிறுத்துவார். "மச்சான், நான் செதுக்கி முடிச்சுட்டேன். அது முடிக்கலை. நாலு நாள்ல வெட்டினதெல்லாம் உள்ள இன்னும் ஓடிட்டிருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாவியத் திருப்பியிருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சரியாயிடுச்சுன்னு போயிருப்பேன்."

அந்தக் கழுத்தைக் கழற்றி விறகில் போட்டார். இரண்டாவதை எடுத்தார். இந்தத் தடவை முரட்டுத்தனமாக வெட்டிவிட்டுத் தொங்கவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் தாண்டிய பிறகு அளந்தார். தாள் நுழையாத அளவுக்கு அடங்கினால்தான் அடுத்த வெட்டு. அதற்குப் பிறகு மறுபடியும் தொங்கல். நாற்பது நிமிடக் கணக்கில் வாழ்ந்தவர், ஒரு கழுத்துக்கு நான்கு மாதம் எடுத்தார். பொறுமை அவருக்கு இயல்பாக வந்ததென்று சொல்ல மாட்டேன். தொங்குகிற கழுத்துகளின் கீழே முன்னும் பின்னும் நடப்பார். அக்கா சமையலறையிலிருந்து, "ஆட்டிப் பார்த்தா சீக்கிரம் பழுக்காது!" என்று கத்துவாள். சபைக்கு பேஸ் அடுத்த ஈஸ்டருக்குத்தான் போனது. பதினோரு வருடமாக நான் அதைத்தான் வாசிக்கிறேன்.

கார்பனை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசவில்லை. மரம்தான் உசத்தி, அதில்தான் உயிர் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால், "எனக்கு ஒடம்பு ஒத்துக்கலப்பா, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். ஆனால் ஒன்று மட்டும் சொல்வார். அச்சு அவருடைய கை அளவுக்கு எடுத்தது. நாற்பத்தொரு பேரும் அந்தக் கைக்குத் தங்கள் கையைப் பழக்கிக்கொண்டார்கள். மரத்தில் அப்படி இல்லை. பேஸ் கேட்டு வருகிறவரின் இடதுகையைப் பிடித்து, மடக்கி, விரித்து, கட்டைவிரலின் அடியை அழுத்திப் பார்ப்பார். ஐந்து நிமிடம் விடமாட்டார். சங்கடத்தில் நெளிகிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கைக்குச் செதுக்குவார். பன்னிரண்டு வருடத்தில் இருபத்தாறு மரக்கழுத்து செய்தார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

போன வருடக் கடைசியில் மாகா வந்தார். பேஸை உறையிலிருந்து எடுக்கவில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார். விரல் கணுக்கள் இஞ்சி மாதிரி வீங்கியிருந்தன.

"என்ன, கருப்பன் வளைஞ்சுட்டானா?" என்றார் அத்தான்.

"அவன் எங்க வளையறான்? நான்தான் வளைஞ்சுட்டேன். ரெண்டாவது பாட்டுக்கு மேல பிடிக்க முடியல. கொஞ்சம் சீவி மெல்லிசாக்கிக் குடு."

"சீவ முடியாது மாகா. சீவினா நார் அறுந்து செத்துடும். அது வந்தா வந்தபடிதான்."

மாகா கொஞ்ச நேரம் தொங்குகிற கழுத்துகளையே பார்த்தார். "நாற்காலி செய்றவனே" என்றார் பிறகு, "எனக்கு ஒண்ணு செய்."

அத்தான் சிரிக்கவில்லை. இதற்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த மனிதர், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மாகாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இருபது வருஷமா என் கையப் பிடிச்சுத்தான் நீ வாசிச்சிருக்க, தெரியுமா?"

"அதான் வலிச்சிருக்கு" என்றார் மாகா.

அந்தக் கழுத்துக்கு மட்டும் ஐந்து மாதம் ஆனது. வழக்கத்தைவிட மெல்லியது, அதனால் அதிகம் அசைந்தது, அதிகம் தொங்கியது. இரண்டு தடவை மாகாவைக் கூப்பிட்டு வெறும் கழுத்தைப் பிடிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை மாகா கண்ணை மூடிக்கொண்டு, தந்தியே இல்லாத கட்டையில், ஒரு கல்யாணப் பாட்டு முழுவதையும் விரலால் நடந்து முடித்தார். "வலி எங்கடா போச்சு?" என்றார். அத்தான் வெளியே போய் அக்காவிடம், "லவி, மாகா கைக்குச் சேர்ந்துடுச்சு" என்றார். தேநீர் கேட்கத்தான் போனார் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தந்தி மாட்டுவதற்கு முந்தின வேலையில் இருந்தார். செவ்வாய், இறந்த அன்று காலையும் அதே வேலைதான். கழுத்தின் தலைப்பக்கம், தந்திகள் உட்கார ஒரு சின்ன எலும்புத் துண்டு வைப்பார்கள். அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு பள்ளம் அராவ வேண்டும்.

நேற்று சவ ஆராதனை முடிந்ததும் மாகா என்னோடு பட்டறைக்குள் வந்தார். விளக்கைப் போட்டேன். கழுத்து மேசையில் துணி விரித்துப் படுத்திருந்தது. எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். பேஸுக்கு நான்கு தந்தி. எலும்பில் மூன்று பள்ளம் அராவியிருக்கிறது.