லோடர் வாளியும் முடிச்சுக் கயிறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்பனைக்கு வைத்திருந்த, டிராக்டரில் மாட்டி மண் அள்ளும் லோடர் வாளிக்குள் ஏறி, மணமேடை மாப்பிள்ளை மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட முட்டாள் நான்தான். ஏறுவது சுலபமாக இருந்தது. இறங்கத்தான் வழி தெரியவில்லை. உள்ளே புதுப் பெயின்ட் வழுக்கியது, என் தொப்பை மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. கடைசியில் கடைக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து என்னை மண் கொட்டுவதுபோலத் தரையில் கொட்டினார்கள். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. நான் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருக்கிறேன். வாளியின் ஓரத்தில், பாதி உடம்பு படத்துக்கு வெளியே போய்விட்ட நிலையில், ஒருவர் குனிந்திருக்கிறார். என் அத்தான், அக்காவின் கணவர். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கையில் ஒரு சணல் கயிறு. வாளியின் அகலத்தை அளந்துகொண்டிருக்கிறார். முன்பெல்லாம் அந்தப் படத்தை எடுத்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பேன். இப்போது கண் நேராகக் கயிற்றுக்குத்தான் போகிறது.

அந்தக் கயிற்றின் கதை பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் நெருக்கமான சந்துகளில் தொடங்குகிறது. அத்தானுக்கும் அக்காவுக்கும் அங்கே ஒரே ஒரு அறை, மேலே பாத்திரம் பண்டம் வைக்க ஒரு பரண். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து கொடுத்த இரும்பு பீரோ சந்து வரைக்கும் ராஜா மாதிரி வந்து, கதவருகே மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதற்கு அடியில் மாட்டிக்கொண்டு, "தூக்குங்க, தூக்குங்க" என்று எல்லோருக்கும் கட்டளையிட்டுக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் பீரோவின் கால்களை அறுத்து, மேல்பக்கத்து அலங்காரத்தைப் பிடுங்கி, மொட்டையாக உள்ளே கொண்டுபோனோம். கதவை அகலப்படுத்தலாம் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. லேபர் கேம்ப்பில் உங்கள் சுவர் உங்கள் சுவர் அல்ல. அதன் மறுபக்கம் இன்னொருவர் சமைத்துக்கொண்டிருப்பார், அதன் தலையில் மூன்றாவது குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஆணி அடித்தால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். அங்கே சாமான்தான் கதவுக்கு அடங்க வேண்டும்.

அன்றைக்கே அத்தான் சணல் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையிலிருந்து இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஒன்று கதவின் அகலம், மற்றது சந்து திரும்பும் இடத்தின் அகலம். அதன்பிறகு அந்த வீட்டுக்கு வந்த கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிள்ளைகளின் மேஜை எல்லாமே கடையிலேயே கயிற்றுக்கு முன்னால் மண்டியிட்டன. விலை கேட்பதற்கு முன் கயிறு விழும். முடிச்சைத் தாண்டினால், "நொழையாது, வா மாப்ள" என்று திரும்பிவிடுவார். அவரோடு பொருள் வாங்கப் போவது எனக்குப் பெரிய வேடிக்கை. ஒருமுறை எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும், "அத்தான், கயிறு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்காவிடம் தலையில் குட்டு வாங்கினேன்.

அத்தானுக்கு டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. ஓய்வு பெற்றதும், அறையை மகனிடம் விட்டுவிட்டு, டிராம்பே சாலையை ஒட்டிய ஒரு நீளத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அக்காவின் ஆசை அது. வாசலுக்கு மேலே நீட்டிய தகரத்தில் டால்டா டப்பாக்களை வைத்துப் பச்சை மிளகாயும் துளசியும் வளர்த்தவளுக்கு, கால் நீட்ட மண் கிடைத்ததும் வேறு சந்தோஷம் வேண்டியிருக்கவில்லை. அங்கேயே ஒரு கொட்டகை கட்டிக் குடியேறி நர்சரி போட்டார்கள். செம்பூரின் அடுக்குமாடிச் சொசைட்டிகளுக்கும் பால்கனிகளுக்கும் செடி, தொட்டி, செம்மண், சாணி உரம். மண்ணும் உரமும் இழுக்க ஒரு சின்ன டிராக்டரும் ஒரு டிரெய்லரும் வாங்கினார்கள். தோப்புகளில் மரங்களுக்கு நடுவே ஓடுமே, அந்தக் குட்டி வகை. "இன்னும் கொஞ்சம் பெரிசா வாங்கலாமே" என்று நான் சொன்னபோது, அத்தான் வழக்கம்போலக் கயிற்றைக் காட்டினார். நர்சரி கேட்டுக்காக அதில் மூன்றாவது முடிச்சு விழுந்திருந்தது. கேட் என்றால் என்ன, மூங்கில் வேலிக்கு நடுவே இரண்டு இரும்புப் பைப்பை நட்டு அவரே மாட்டிய தகரக் கதவு.

இனி மண் விஷயம். செம்மண் வரும் டம்பர் லாரி உள்ளே நுழையாது. கேட்டுக்கு வெளியே ஒரு குன்றாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மழைக்கு முன் அதை உள்ளே கொண்டுபோய்த் தார்ப்பாய் போடாவிட்டால் முதல் மழையிலேயே சாக்கடைக்குப் போய்விடும். பம்பாயில் கமேலா என்று ஒரு இரும்புச் சட்டி உண்டு, கட்டட வேலைக்காரர்கள் தலையில் தூக்குவது. அதில் அள்ளி அள்ளி அக்கா டிரெய்லரில் போடுவாள். அத்தான் ஓட்டுவார். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் பாரம் தூக்கக் கூடாது. காலையில் கூலியாட்கள் கூடி நிற்கும் நாக்கா முனையில் போய் ஆள் பிடித்தால் ஒருநாள் வருவார்கள், மறுநாள் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு கோடையில்தான் அக்காவின் இடுப்பு பேச ஆரம்பித்தது. செம்பூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே குனிந்து தூக்கினால் ஒருநாள் இடது கால் மரத்துப்போய்விடும் என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் டிராக்டருக்கு முன்னால் லோடர் மாட்டலாமா என்ற பேச்சு எழுந்தது. இரண்டு இரும்புக் கைகள், நுனியில் ஒரு வாளி. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் அள்ளும், இழுத்தால் தூக்கும்.

என் செம்பூர் பிளாட்டின் ஹாலில் மகாநாடு கூடியது. நான் நிபுணர். என் தகுதி என்ன என்றால், ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே லோடர் வீடியோ பார்த்திருக்கிறேன். சைக்கிள் தவிர எதையும் ஓட்டாதவன், ஹைட்ராலிக் பம்ப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அத்தானும் சும்மா இல்லை. மண் வருவது வருஷத்தில் சில தடவை. அதற்காக ஒரு இரும்புக் கையை வருஷம் முழுக்க மூக்கில் கட்டித் தொங்கவிட வேண்டுமா? வண்டி சின்னது, முன் அச்சு தாங்குமா? ஸ்டியரிங் கனத்துப்போகாதா? வாளி நிறைய மண்ணோடு தூக்கினால் பின்சக்கரம் எழும்பி, வண்டி மூக்குக் குப்புற விழாதா?

"பின்னாடி வெயிட் கட்டணும் அத்தான்."

"என்னத்தக் கட்ட? ஒன்னையா?"

"என்னைக் கட்டினா முன்சக்கரம் எழும்பிரும்."

சிரித்தோம். அக்கா டீ கொண்டுவந்தாள். இடுப்பில் டாக்டர் கொடுத்த பெல்ட், அதற்கு மேல் சேலை முடிச்சு. தட்டை வைத்துவிட்டு நிமிர அவளுக்குச் சுவர் தேவைப்பட்டது. "இந்தச் சின்ன வண்டிக்கு லோடர் தேவையா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல" என்று அத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். டிராக்டரின் முன் அச்சைப் பற்றி அத்தனை கவலைப்பட்டோம். டிராக்டருக்கு வலிக்குமோ என்பதுபோல.

பன்வேல் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லவர். இந்த அளவு டிராக்டருக்குச் சின்ன லோடர் தாராளமாக மாட்டலாம், பின்னால் எடை தொங்கவிடுங்கள், வாளியைத் தரையை ஒட்டி வைத்தே ஓட்டுங்கள், அரை வாளி போதும் என்று பொறுமையாக விளக்கினார். முன் அச்சும் தாங்கும், பம்பும் போதும். என் நிபுணத்துவத்துக்கு வேலையே இல்லாமல் போனதால்தான் நான் வாளிக்குள் ஏறினேன். நான் போட்டோவுக்குச் சிரித்த அந்த நேரத்தில், அத்தான் குனிந்து கயிற்றை வைத்தார். டிராக்டரைவிட வாளி அகலம். மூன்றாவது முடிச்சை ஒரு சாண் தாண்டியது. அவர் முகம் வாடிவிட்டது. நிஜமாகவே வாங்கத்தான் வந்திருந்தார். கயிற்றைச் சுருட்டி மேல்பையில் வைத்துக்கொண்டார்.

"நொழையாது. வா மாப்ள."

நானும் வந்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது. பல்லைக் காட்ட வாய் இருந்தது, "கேட்டை அகலப்படுத்தலாமே" என்று சொல்ல வாய் இல்லை. வரும் வழி நெடுகப் பேசினோம். வாளியை வெட்டி வெல்டிங் செய்யலாமா, வேறு டிராக்டர் வாங்கலாமா, லாரிக்காரனிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டச் சொல்லலாமா. எல்லாம் வந்தது, கேட் வரவில்லை. பீரோவின் காலை அறுத்த கூட்டம் அல்லவா. நாங்கள் அளந்தது வேலி இல்லை, சுவர். டிராம்பேயில் வெறும் மூங்கிலும் குரோட்டன்ஸ் தொட்டியும் நிற்கும் இடத்தில், லேபர் கேம்ப்பின் சுவர் எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது.

லோடர் இல்லை என்று முடிவாயிற்று. அக்கா, "சரி, வண்டிக்கு வேண்டாம்னா விடுங்க" என்றாள். அந்த வருஷ மண் வந்தது. நாக்காவில் பிடித்த ஆட்கள் பாதிக் குன்றை உள்ளே தள்ளிவிட்டு மறுநாள் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அக்கா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கமேலாவை எடுத்தாள். அத்தான் டிராக்டரில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்து, "மெதுவாட்டி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சட்டியைத் தூக்கி டிரெய்லரின் விளிம்பில் வைத்தவள் அப்படியே மண் குன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். களைத்துப்போய் உட்காருகிறாள் என்றுதான் அத்தான் நினைத்திருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னபோது, "காலு எங்க இருக்குன்னு தெரியலியே" என்றாளாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் ஒரு ஜோக்கும் சொல்ல முடியவில்லை. எனக்கு அது புது அனுபவம்.

ஆபரேஷன் முடிந்து, அக்கா வார்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாற்றுத்துணி எடுத்துவர நர்சரிக்குப் போனேன். மழை பிடித்திருந்தது. வெளியே கிடந்த மண் சிவப்பாகக் கரைந்து சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. கேட் இல்லை. ஒரு பக்கத்துப் பைப் பிடுங்கப்பட்டுக் குறுக்கே கிடந்தது, தகரக் கதவு குரோட்டன்ஸ் தொட்டிகளின்மேல் சாய்ந்திருந்தது. அந்தப் பைப்பின்மேல் அத்தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடப்பாரை. பாரம் தூக்கக் கூடாத மனுஷன். மூச்சு விசில் மாதிரி வந்தது. நான் பதறி, "அத்தான், என்ன காரியம் இது, நெஞ்சு வலிக்குதா?" என்றேன். அவர் பைப் இருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். குழி ஆழம்கூட இல்லை. அவரே நட்டதுதானே.

"நம்ம வேலிதானே மாப்ள" என்றார். பிறகு இன்னொரு முறை, என்னிடம் இல்லை, குழியிடம். "நம்ம வேலிதானே."

அடுத்த மாதமே லோடர் வந்தது. அதே கடை, அதே வாளி. பின்னால் எடைக்கு சிமென்ட் ஊற்றிய டிரம். அத்தான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்றால், வாளியைத் தரையை விட்டு எழுப்பவே பயந்து, கோழி கிளறுவதுபோலக் கிளறுவார். மண் வந்தால் முழு நாளும் டிராக்டரை விட்டு இறங்க மாட்டார். அள்ள ஒன்றும் இல்லாதபோதும் ஏறி உட்கார்ந்திருப்பார். அக்காவிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கம் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியை நிழல் பார்த்து மாற்றி மாற்றிப் போடுவார், அவ்வளவுதான். சில மழைக்காலங்கள் அப்படிப் போயின. பிறகு ஒருநாள் அவர் நெஞ்சு, சொல்லாமல் கொள்ளாமல், ஸ்டென்ட்டோடு நின்றுவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நர்சரிக்குப் போகிறேன். அக்காவின் இடது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. நெம்புகோலை அவள் அழகாகத் தள்ளுவாள், கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். அவளுக்காக வந்த இயந்திரத்தைப் பக்கத்து நர்சரிக்காரர் வந்து ஓட்டிவிட்டுப் போகிறார். போன வாரம் டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியில் ஸ்பானர் தேடியபோது கயிறு கையில் வந்தது. மூன்று முடிச்சும் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தன. என்னால் சும்மா இருக்க முடியுமா? கொண்டுபோய் கேட் இருந்த இடத்தில் பிடித்துப் பார்த்தேன். முடிச்சுக்கு அப்பால் வெறும் காற்றுதான், ஒரு லாரியே போகும்.

கயிற்றோடு அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அக்கா, அன்னைக்கே அந்த லோடர வாங்கியிருக்கணும், இல்ல?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"கயிறு கைல இருக்குல்லா, அந்தா சாஞ்சு கெடக்க முல்லைக்கொடியக் கட்டு."