தம்பியின் பொட்காஸ்டில் அந்த மூன்று நாள்

சுவிஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் குசினியில் ஐந்து பேர் நிற்போம். ஐந்து பேரின் காதுக்குள்ளும் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். கரட் சீவும் பிரிகிட்டே திடீரென்று சிரிப்பாள். பிறகு கத்தியை நிறுத்தி, சுவரைப் பார்த்தபடி "ஓ" என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அவள் கேட்பது பொட்காஸ்ட். அதிலும் கொலைக் கதைகள். "இன்றைக்கு ஒரு பல் வைத்தியர், மனைவியை" என்று சொல்லிவிட்டுக் கரட்டை எடுப்பாள். எங்கள் வீட்டில் ஒரு ரேடியோதான் இருந்தது. ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பக்கத்தில் நிற்பவர் எதற்காகச் சிரிக்கிறார், எதற்காகக் கண் கலங்குகிறார் என்று தெரியாமலே எட்டு மணி நேரம் போகிறது.

நானும் கேட்கிறவன்தான். நான் கேட்பது என் தம்பி சுதனின் பொட்காஸ்ட். திருகோணமலையில், எங்கள் ஊரான சல்லியின் கரையில், வள்ளங்களுக்குப் பூட்டும் இயந்திரங்களைத் திருத்துவது அவன் தொழில். வேலை செய்தபடியே கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து ஒரு செயலியில் போடுவான். தொடக்கத்தில் எல்லாம் பகிடிதான். கிண்ணியாவிலிருந்து இயந்திரம் திருத்த வந்த நசீர் நானா ஒரு முறை அதில் அகப்பட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி, இஞ்சினப் பாக்கச் சொன்னா மைக்கோட கதைச்சிட்டு இருக்கிறீங்க?"

"நானா, நீங்களும் கதையுங்கோ. வெளிநாட்டுச் சனமெல்லாம் கேக்குது."

"வெளிநாட்டுச் சனத்துக்கு என்ட இஞ்சின் ஸ்டார்ட் ஆகாதது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நாளைக்குக் கடலுக்குப் போறது நான்தானே!"

பாத்திரம் கழுவும் யந்திரத்தின் ஆவிக்குள் நின்று நான் தனியாகச் சிரித்தேன். பிரிகிட்டே திரும்பிப் பார்த்தாள்.

நான் கேட்பது அப்போது சுதனுக்குத் தெரியாது. அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு, பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் "சுகமா இருக்கிறீங்களோ", "ஓம்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். அவனுடைய முழுக் குரலையும் எனக்குத் திருப்பித் தந்தது இந்தச் செயலிதான். அதனால் அதில் ஓர் அந்நிய நேயரைப் போல, ஒரு கருத்தும் எழுதாமல் ஒதுங்கியிருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மா இறந்தபோது நான் இங்கே அகதி முகாமில் இருந்தேன். என் புகலிடக் கோரிக்கையை ஒரு முறை நிராகரித்துவிட்டார்கள், மேன்முறையீடு நிலுவையில் கிடந்தது. நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர ஏலாது. ஆனால் வீட்டுக்கு நான் சொல்லியிருந்தது வேறு. விசா கிடைத்துவிட்டது, எல்லாம் சரி என்று சொல்லியிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் வீட்டுக்கு வழக்கமாகச் சொல்கிற பொய்தான். அம்மா அதைக் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தா. "அண்ணா, அம்மா போயிட்டா. வாறீங்களோ? நீங்கள் வருமட்டும் அம்மாவை வைச்சிருக்கட்டோ?" என்று சுதன் கேட்டபோது, "ஓம், வாறன், வை" என்று சொன்னேன். அடுத்த நாள் விமானம் ஏறியாயிற்றோ என்று கேட்டான். நாளைக்குத்தான் இடம் கிடைத்தது என்றேன். மூன்றாம் நாள் தொலைபேசியை நிறுத்திவிட்டேன்.

எங்கள் கரையில் ஒரு வீட்டில் பிரேதம் கிடந்தால், அதை எடுக்கும்வரை அந்தப் பகுதியில் ஒருவரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். வழக்கமாக ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். என் சொல்லை நம்பி மூன்று நாள் கரை முழுவதும் கடலுக்குப் போகாமல் இருந்தது. மூன்றாம் நாள் மாலைவரை பார்த்தும் என்னைக் காணாமல், தாய்க்கு இளைய மகன் என்ற முறையில் சுதன் கொள்ளி வைத்தான். இந்த அளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மிச்சத்தைப் போன வருடம் குசினியில் நின்று காதுக்குள் கேட்டேன்.

பகிடிக் கதைகளை அதிகம் பேர் கேட்கவில்லை. மனதைத் தொடுகிற கதை போட்டால்தான் செயலி நாலு பேருக்குக் காட்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் இயந்திரம் திருத்தும் குறடு, சாவிகளின் சத்தம் இல்லாமல் அவன் பேசத் தொடங்கினான். தலைப்பே "மூண்டு நாள்". பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் முகம் நாளுக்கு நாள் மாறியது, பந்தலுக்குள் ஆட்கள் மாறி மாறி நித்திரை முழித்தது, ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எல்லோரும் வாசல் படலையைப் பார்த்தது. "எங்கட வீட்டில மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார். அவருக்கெண்டு வாய்க்கரிசி கொஞ்சம் தனியா எடுத்து வைச்சனாங்கள். கடைசியா அதையும் நானே போட்டன். ஏன் வரேல்லை எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது." அவன் என் பெயரைச் சொல்லவில்லை.

தட்டு ஒன்று கையிலிருந்து நழுவிவிட்டது. பிரிகிட்டே ஓடி வந்தாள். என் கண்களைப் பார்த்தாள், பிறகு என் காதைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, "ஷ்பானென்ட்?" என்று கேட்டாள். கதை விறுவிறுப்பாக இருக்கிறதா என்று அர்த்தம். நான் "யா" என்றேன். "ஸேர் குட்", மிக நல்லது, என்றும் சொன்னேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். அது என் அம்மா என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதாமல் இல்லை.

அந்தப் பதிவு ஆயிரக்கணக்கில் பரவியது. கீழே அழுகிற முகங்கள், சாபங்கள், "அடுத்த பாகம் எப்ப?" என்ற கேள்விகள். சில கிழமைக்குப் பிறகு இங்கே ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், சாப்பாட்டு மேசையில், யோகன் அதைப் பற்றித் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு நல்ல பழக்கம்.

"அந்த மூண்டு நாள் கதை கேட்டனீங்களோ? என்ர மனிசி ரெண்டு தரம் கேட்டு அழுதவ."

"எங்கையோ நல்லாச் சம்பாதிச்சுக்கொண்டு இருந்திருப்பான் மூதேவி" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

யோகன் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் திருகோணமலைதானே. ஆர் அந்த ஆள் எண்டு தெரியுமோ?"

"தெரியாது" என்றேன். கையிலிருந்த ரோல்ஸை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சுதனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, நான் உன்ர பொட்காஸ்ட் கேக்கிறனான்."

"எப்ப இருந்து?"

"முதலாவதில இருந்து."

"அப்ப அதையும் கேட்டிட்டீங்கள்."

முகாம், நிராகரித்த கடிதம், தொலைபேசியை நிறுத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அண்டைக்கே சொல்லியிருந்தால் அம்மாவை அப்பிடிப் போட்டு வைச்சிருக்கமாட்டன்" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, இதை என்ர பொட்காஸ்டில வந்து சொல்லுங்கோ."

"எனக்கு ஏலாதடா. நாலு பேருக்கு முன்னால வாய் திறக்காதவன் நான். உனக்குத் தெரியும்தானே."

"எனக்கு மட்டும் சொன்னால் எனக்கு மட்டும்தான் தெரியும். மூண்டு நாள் வள்ளம் இறக்காமல் இருந்த சனத்துக்கு ஆர் சொல்லுறது? நான் வீடு வீடாப் போய்ச் சொல்லவோ?"

அவன் சொன்னது சரி. ஒத்துக்கொண்டேன். எதிரொலி வராமல் இருக்க அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னான். குளிர்கால மேலங்கிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். "வணக்கம் நேயர்களே, இண்டைக்குச் சுவிஸில இருந்து ஒரு விருந்தினர் எங்களோட இணையிறார்" என்றான். அந்தக் குரல் என் தம்பியின் குரல்தான். ஆனால் எனக்காகப் பேசும் குரல் அல்ல. நடுவில் கேட்டான், "ஏன் வாறன் எண்டு சொன்னீங்கள்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே ஒரு காகம் கத்தியது. தூரத்தில் யாரோ இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். சுதன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் செத்தவீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். பிறகு சொன்னேன்: "வரமாட்டன் எண்டு சொன்னால், இனி நான் உங்கட ஆள் இல்லை எண்டு ஆகிடும் எண்டு பயந்தனான்."

பதிவு வந்த அன்று குசினியில் நின்று கேட்டேன். சுதன் கேள்வி கேட்கிறான், உடனே நான் பதில் சொல்கிறேன். பாடமாக்கி வைத்திருந்தவன் போல. இடைவேளையில் அவனுக்கு எடுத்தேன்.

"அந்தப் பேசாமல் இருந்த இடம் எங்கை?"

"வெட்டிட்டன் அண்ணா. அவ்வளவு நேரம் சத்தம் இல்லாமல் கிடந்தால் கேக்கிற சனம் விட்டிட்டுப் போயிடும்."

"வெட்டினதை வைச்சிருக்கிறியோ?"

"இல்லை. போனில இடமில்லை, அழிச்சிட்டன்."

கொஞ்சம் பொறுத்து, "கரையில ஆக்கள் கேட்டவையோ?" என்று கேட்டேன்.

"கேட்டவை. வடிவாக் கதைச்சிருக்கிறார் எண்டு சொல்லினம்."

அழகாகப் பேசினேன் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். கோபமும் இல்லை, வந்துபோ என்றும் இல்லை. கேட்டு முடித்து, அடுத்த பதிவுக்குப் போயிருக்கிறார்கள்.

இப்போதும் சல்லிக் கரையில் வலையைப் பார்த்தபடி யாராவது அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அங்கே சுதன் கேட்ட கேள்விக்கு நான் உடனே, தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே காலையில் பிரிகிட்டே ஒரு காதின் ஹெட்போனைக் கழற்றி "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால், எனக்கு வாய் திறக்கச் சற்று நேரம் எடுக்கிறது. நான் திறப்பதற்குள் அவள் அதைத் திரும்பக் காதில் மாட்டிக்கொள்கிறாள்.