அப்பா கழற்றிக் காட்டிய ஆல்டர்னேட்டர்

முதலாளி, என் அப்பாவைத் திருடனாக்கியது நீங்கள்தான்.

மெக்கானிக்கிடம் விட வசதியில்லாமல் என் பழைய காரில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இன்று நானே மாற்றினேன். கழற்றியதில் கருகல் நெடி வந்தது. ஆம்பூரில், எட்டு வயதில், உங்கள் தோல் பதனிடும் ஷெட் வாசலில் அடித்த அதே நெடி.

அன்று உங்கள் டிரைவராக இருந்த அப்பா, புதிதாக மாட்டிச் சில மாதங்களிலேயே கெட்டுப்போன ஆல்டர்னேட்டரைத் திறந்து உங்களிடம் காட்டினார். செம்புக் கம்பியெல்லாம் கறுத்திருந்தது.

"கழிவுத் தொட்டியாண்ட வண்டிய நிறுத்துறோம் மொதலாளி. அந்தக் காத்து செம்பத் தின்னுடுது."

"புதுச வித்துட்டு, பழச மாட்டிக்கினு, காத்து மேல பழி போடுறியா?" என்றீர்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை.

நானும் உங்கள் ஷெட்டின் அந்தக் கழிவுத் தொட்டி பக்கத்தில்தான் கார் நிறுத்துகிறேன். புதிதாக மாட்டி ஒரு வருடம்கூட ஆகாமல் இன்று கழற்றியதிலும் கம்பி அதேபோல் கறுத்திருக்கிறது. ஷிப்ட் விடும் நேரத்தில் அந்த வாசலுக்கு வந்து, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: என் அப்பா திருடினாரா?